டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: முதல் எக்ஸாஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டொயோட்டா 86 அல்லது சுபாரு பிஆர்இசட் வாங்கியவர்களில் பெரும்பாலானோர், வண்டி கைக்கு வந்த சில மாதங்களுக்குள், எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய் அமைப்பான எக்ஸாஸ்ட்டை மாற்ற வேண்டும் என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். பெயர் இரண்டானாலும் அடிப்படையில் ஒன்றேயான, தாழ்வாக உட்கார்ந்து ஓட்டும், பின்சக்கரங்களால் இயங்கும் இந்தச் சிறிய காரின் தோற்றத்துக்கும் அதன் வால்குழாயிலிருந்து வரும் அடக்கமான ஒலிக்கும் பொருத்தம் இல்லை என்பதே அதற்குக் காரணம். நான் கலிஃபோர்னியாவில் 2017ஆம் ஆண்டின் மேனுவல் கியர் 86 ஒன்றை ஓட்டி வருகிறேன். முதன்முறை எக்ஸாஸ்ட் வாங்கியபோது தவறானதை வாங்கி, நான்கே மாதங்களில் கழற்றி வைத்தேன். இரண்டாம் முறை சரியாக அமைந்தது. இடையில் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் வகையில், வாங்கும் வரிசைப்படியே எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதி கலிஃபோர்னியாவுக்கு உரியது. மற்றவை இந்தக் கார் ஓடும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

படி 1: எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

டர்போ இல்லாத இந்த எஞ்சினில், ஒலியை அடக்கும் பெட்டியான மஃப்ளரையும் அதற்கு முன்னுள்ள குழாயையும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் குதிரைத்திறன் மிகச் சிறியது. நல்ல தயாரிப்பாக இருந்தாலும் அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. எஞ்சின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஒரே காரை ஒரே நாளில் இருமுறை ஓட்டினாலே, எஞ்சின் சூடு காரணமாக அந்த அளவு வேறுபாடு வந்துவிடும். ஆகவே 15 குதிரைத்திறன் கூடும் என்று சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால், அந்த எண்ணிக்கையில் எஞ்சினோடு இணையும் முதல் குழாய்த்தொகுப்பான ஹெடரும் எஞ்சின் மென்பொருள் மாற்றமும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

மாறாக, ஒலியும் எடையும் உறுதியாக மாறும். தொழிற்சாலை மஃப்ளர் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் கனமான பெட்டி; அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் காரின் வால்பகுதியை இலகுவாக்குகிறது. ஆனாலும் எடைக்காக மட்டும் எக்ஸாஸ்ட் வாங்குகிறவரை நான் சந்தித்ததில்லை. நாம் வாங்குவது ஒலியைத்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் அடுத்து வரும் முடிவுகள் எல்லாம் எளிதாகின்றன. எந்த ஒலி, எவ்வளவு உரக்க, எந்த வேகத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிக்கொண்டு கடைக்குப் போகலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். இப்போது காருக்குள் உங்களுக்குக் கேட்கும் ஒலி முழுவதும் எக்ஸாஸ்ட்டிலிருந்து வருவதில்லை. முதல் தலைமுறைக் காரில், காற்று உள்ளிழுக்கும் பக்கத்திலிருந்து கிளைக்கும் ஒரு குழாய் எஞ்சினின் ஒலியைப் பயணிகள் பகுதிக்குக் கொண்டுவருகிறது. 2022ஆம் ஆண்டின் மாதிரியாக வந்த இரண்டாம் தலைமுறையிலோ, ஒலிபெருக்கிகளே எஞ்சின் ஒலியைக் கூட்டிக் கொடுக்கின்றன. புது எக்ஸாஸ்ட் பொருத்திய பின்னர் இவ்விரண்டு ஒலிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால்தான் வெளியே இனிமையாகக் கேட்ட மஃப்ளர் உள்ளே குழம்பலாகக் கேட்பதுண்டு.

படி 2: எந்தப் பகுதியை மாற்றப் போகிறோம்?

எஞ்சினிலிருந்து வால் வரை நடந்து பார்ப்போம். சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினின் இரு பக்கங்களிலிருந்தும் வரும் குழாய்களை ஒன்றாகச் சேர்க்கும் ஹெடர் முதலில் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் முதன்மையான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதோடு இணைந்தே வருகிறது. அதையடுத்து ஓவர்பைப் எனப்படும் வளைந்த குழாய். அதன் பின் இரண்டாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கொண்ட முன்குழாய். அதற்கும் பின்னால், குறிப்பிட்ட ஒலிகளைத் தணிக்கும் ரெசொனேட்டர் உள்ள நடுக்குழாய். கடைசியாக, இரட்டை வாயுடன் முடியும் மஃப்ளர்.

கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றுவதை ஆக்சில்பேக் என்றும், நடுக்குழாயையும் சேர்த்து மாற்றுவதைக் கேட்பேக் என்றும் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டுமே கன்வெர்ட்டர்களுக்குப் பின்னால் இருப்பதால் புகை அளவில் மாற்றம் இல்லை, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாது, மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் ஒரு மதியப் பொழுதில் பழையதை மாட்டிவிடலாம்.

ஹெடரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் காரைப் பற்றிப் பேசும் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். முதல் தலைமுறையின் 1,998 சிசி எஞ்சினில், ஏறத்தாழ 3,200 முதல் 4,800 ஆர்.பி.எம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதை ஓட்டுகிறவர் காலிலேயே உணரலாம். வேறு நீளத்தில் குழாய்களை அமைத்த ஹெடரும் அதற்கேற்ற மென்பொருளும் அந்தப் பள்ளத்தைப் பெருமளவு நிரப்புகின்றன என்பது உண்மை. சமமற்ற நீளக் குழாய்களைக் கொண்ட ஹெடர், பழைய சுபாரு கார்களின் தடதடக்கும் ஒலியையும் கொண்டுவருகிறது. ஆனால் தொழிற்சாலை ஹெடரைக் கழற்றினால் முதன்மைக் கன்வெர்ட்டரும் அதோடு போய்விடுகிறது. கன்வெர்ட்டரை அகற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட, பின்னால் வரும் குழந்தையின் மூச்சில் கலப்பது அந்தப் புகைதான். எனவே ஹெடர் ஆசை இருந்தால், கன்வெர்ட்டரோடு வருவதும் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் நிர்வாக ஆணை எண் (அந்தப் பாகத்தைப் பொருத்த வாரியம் அளிக்கும் அனுமதி) பெற்றதுமான ஒன்றை மட்டுமே தேடுங்கள். அந்த எண் உண்மையானதா, உங்கள் காரின் ஆண்டுக்குப் பொருந்துமா என்பதை வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இரண்டாம் தலைமுறையின் 2.4 லிட்டர் எஞ்சினில் உச்ச முறுக்குவிசை 3,700 ஆர்.பி.எம்மிலேயே வந்துவிடுவதால், அந்தக் காரை வாங்கியவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

குழாயின் விட்டத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை நிலவுகிறது. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், பெரிய குழாய் போட்டால் கீழ்வேகத்தில் இழுவை போய்விடும் என்பார்கள். பின்னழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. தேவைப்படுவது வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் வாயு விரைவாக ஓடினால், அடுத்த சிலிண்டரில் எஞ்சியிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் அந்த ஓட்டம் தளர்கிறது. டர்போ பொருத்தாத இந்தக் காருக்கு 60 மில்லிமீட்டர் அல்லது இரண்டரை அங்குலம் போதும். 3 அங்குலக் குழாய், பிற்பாடு டர்போ பொருத்தத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு உரியது.

படி 3: சட்டத்தின் எல்லை

கலிஃபோர்னியாவில், மோட்டார்சைக்கிள் அல்லாத இலகு வாகனங்களின் எக்ஸாஸ்ட் ஒலிக்கு 95 டெசிபல் எல்லை. நின்றுகொண்டிருக்கும் காரின் எஞ்சினை முடுக்கி, வால்குழாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளப்பார்கள். ஆனால் சாலையில் உங்களை நிறுத்தும் காவலர் கையில் பெரும்பாலும் கருவி இருக்காது. தம் காதை நம்பியே அபராதச் சீட்டு எழுதலாம். அப்படி எழுதப்பட்டவர்கள், ரெஃபரி எனப்படும் மாநிலத்தின் நடுவர் சோதனை மையத்தில் காரை அளந்து, எல்லைக்குள் இருந்தால் சான்றிதழ் பெறும் வழி உண்டு. எனவே வாங்கும்போதே, தயாரிப்பாளர் தம் மஃப்ளர் இந்தக் கார் மாதிரியில் 95க்குள் இருப்பதாக எழுத்தில் உறுதி தருகிறாரா என்று பாருங்கள். விசையை அழுத்தினால் மஃப்ளரைத் தவிர்த்து நேரே புகையை வெளியேற்றும் கதவு பொருத்திய வகைகளை இந்த மாநிலச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் புகைச் சோதனையில் கேட்பேக் ஒரு தடையாக இருப்பதில்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள பாகத்துக்கு நிர்வாக ஆணை எண் தேவையில்லை. ஆனால் 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் அந்தச் சோதனையில் பார்க்கிறார்கள். ஹெடரோடு மென்பொருளையும் மாற்றிக்கொண்ட நண்பர்கள் சிலர் இதைப் பிறகுதான் அறிந்தார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஜப்பான் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. 2010 ஏப்ரலுக்குப் பின் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு அங்கே விற்கப்படும் மாற்று மஃப்ளர்கள் சோதிக்கப்பட்டு உறுதிசெய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. 86 முதன்முதலில் வந்ததே 2012இல் என்பதால், ஜப்பானியச் சாலைகளில் சட்டப்படி ஓடும் 86 மஃப்ளர்கள் எல்லாம் அந்த வடிகட்டியைத் தாண்டி வந்தவை. ஜஸ்மா என்னும் ஜப்பானிய மஃப்ளர் சங்கத்தின் முத்திரையும் இதே போன்ற நம்பிக்கையைத் தருகிறது. அமைதியான, ஆழமான ஒலியை விரும்புகிறவர்கள் அந்த நாட்டுச் சான்றிதழ்த் தகடு உள்ள மஃப்ளர்களை முதலில் கேட்டுப் பாருங்கள். விலை கூடுதலாக இருக்கும், இறக்குமதிக்குக் காத்திருக்கவும் நேரும்.

பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அந்தத் தடத்தின் எல்லையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மான்டரேயில் உள்ள லகுனா சேகா தடம் இதில் பெயர்பெற்றது. அங்கே பல நாட்களில் 90 டெசிபலை ஒட்டிய எல்லை வைத்து, ஓடும் காரையே தடத்தின் ஓரத்திலிருந்து அளக்கிறார்கள். மீறினால் தடத்திலிருந்து வெளியே அழைத்துவிடுவார்கள். நாள்கட்டணம் திரும்பி வராது.

படி 4: காருக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தல்

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. கைபேசியில் இருபது காணொளிகளைப் பார்த்து, முழு முடுக்கத்தில் சுரங்கப்பாதைக்குள் போகும் கார் ஒன்றின் ஒலியில் மயங்கி, ஓர் இணையக் கடையில் மலிவாகக் கிடைத்த கேட்பேக் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஊருக்குள் அருமையாக இருந்தது. அடுத்த வாரம் 5ஆம் எண் நெடுஞ்சாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் புறப்பட்டோம். மணிக்கு 70 மைலில் ஆறாவது கியரில் நிலைத்ததும், காதையும் மார்பையும் ஒருசேர அமுக்கும் ஒரு தாழ்ந்த முழக்கம் தொடங்கியது. என் மனைவி பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவது புரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் இருவருக்கும் தலைவலி. ஆர்வலர்கள் இதை டிரோன் என்கிறார்கள். நான் இதை அடிமுழக்கம் என்று குறிப்பிடுகிறேன். எக்ஸாஸ்ட்டைக் கழற்றி எறிபவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் எறிகிறார்கள்.

இது எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒருமுறை சுற்றும்போது இரண்டு சிலிண்டர்கள் எரிகின்றன. 3,000 ஆர்.பி.எம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 எரிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணோடு காரின் உட்கூடோ எக்ஸாஸ்ட் குழாயோ சேர்ந்து அதிரும்போது அடிமுழக்கம் எழுகிறது. வேகத்தை 5 மைல் கூட்டினாலோ குறைத்தாலோ அது மறைந்துவிடக்கூடும். கேள்வி என்னவென்றால், நீங்கள் நாள்தோறும் ஓட்டும் வேகத்தில் அது விழுகிறதா என்பதே.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உள்ளது. முதல் தலைமுறையின் மேனுவல் கியர் கார் மணிக்கு 70 மைலில் ஏறத்தாழ 3,100 ஆர்.பி.எம்மில் ஓடும். 2017 முதல் அமெரிக்காவில் விற்ற மேனுவல் காரின் கடைசிப் பல்விகிதம் 4.10இலிருந்து 4.30ஆக மாறியதால் அது 3,200ஐத் தாண்டும். ஆனால் ஆட்டோமேட்டிக் காரின் ஆறாவது கியர் மிகவும் நீளமானது. அதே 70 மைலில் அதன் எஞ்சின் சுமார் 2,300 ஆர்.பி.எம்மில்தான் சுற்றும். ஆகவே ஒருவருக்கு 105 ஹெர்ட்ஸ், மற்றவருக்கு 77 ஹெர்ட்ஸ். ஒரே மஃப்ளரைப் பற்றி ஒருவர் சொர்க்கம் என்றும் மற்றவர் நரகம் என்றும் எழுதுவதை நீங்கள் படித்திருந்தால், முதலில் அவர்களின் கியர்பெட்டி எது என்று பாருங்கள். உங்கள் காருக்கு ஒத்த கியர்பெட்டி உள்ளவரின் கருத்து மட்டுமே உங்களுக்குப் பயன்படும்.

காணொளிகளால் இதை ஏன் கண்டுபிடிக்க முடியாது? கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஒழுங்காக எழுப்பவே முடியாது. பதிவின்போது ஒலிவாங்கி உரத்த ஒலியைத் தானாகவே அடக்கியும் விடுகிறது. டெசிபல் காட்டும் செயலிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. அவை வழக்கமாக ஏ எடையீட்டில் அளக்கின்றன; மனிதக் காதின் இயல்பை ஒட்டி வகுத்த அந்த முறை, 100 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 19 டெசிபலைக் கழித்துவிடுகிறது. அதனால் காதை அடைக்கும் அடிமுழக்கம் உள்ள கார்கூட எண்ணளவில் அமைதியாகத் தெரியும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி எடையீட்டுக்குச் செயலியை மாற்ற முடிந்தால் மாற்றி, பழைய எக்ஸாஸ்ட்டோடு ஒருமுறையும் புதியதோடு ஒருமுறையும் ஒரே சாலையில் அளந்து ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த வழி ஒன்றுதான். வார இறுதிக் காலைகளில் கார் ஆர்வலர்கள் கூடும் இடங்களுக்குப் போய், நீங்கள் வாங்க நினைக்கும் எக்ஸாஸ்ட் பொருத்திய 86 அல்லது பிஆர்இசட் வைத்திருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிக்காட்ட யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அப்போது முடுக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். ஆறாவது கியரில், சம தரையில், மிதியை மெல்ல வைத்தபடி ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லிவிட்டு, அவரோடு வழக்கமான குரலில் பேசுங்கள். பேச முடிந்தால் வாங்கலாம்.

மஃப்ளரின் உள்ளமைப்பும் இதோடு தொடர்புடையது. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையையோ எரிமலைப்பாறை இழையையோ அடைத்த வகை, மேலொலிகளை நன்றாக உறிஞ்சும். தாழ்ந்த ஒலியை அவ்வளவு உறிஞ்சாது. தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரித்த வகை, குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்களை எதிரொலியால் அடக்கும், ஆனால் எடை கூடும். நடுக்குழாயில் ரெசொனேட்டர் இல்லாத கேட்பேக்குகளைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் நடுக்குழாயில், மறுமுனை மூடிய ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்து அடிமுழக்கத்தை அடக்குகிறார்கள். அதன் நீளம் அடக்க வேண்டிய ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு. குழாய்க்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று கொண்டால், 100 ஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர் நீளம் வேண்டும். காருக்கு அடியில் அந்தக் கிளைக்குழாயைக் கண்டால், அதை வடிவமைத்தவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

படி 5: உலோகமும் வேலைப்பாடும்

பெரும்பாலான மாற்று எக்ஸாஸ்ட்கள் 304 அல்லது 409 என்ற இரு வகைத் துருப்பிடிக்காத எஃகில் வருகின்றன. 409இல் குரோமியம் 11 விழுக்காட்டை ஒட்டியது. மேற்பரப்பில் பழுப்பேறும், ஆனால் துளைவிழ நெடுநாளாகும். 304இல் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு, பளபளப்பு நிலைக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், நியூயார்க் போன்ற மாநிலங்களில் 304க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. கலிஃபோர்னியாவில் 409 வகையே போதும். விற்பவர் சொல்வது மெய்யா என்று பார்க்க ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள்: 409இல் இறுக்கமாக ஒட்டும், 304இல் ஒட்டாது. வளைத்த இடங்களில் 304உம் மெல்லிய ஈர்ப்புக் காட்டும் என்பதால் நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள்.

டைட்டானியம் எஃகின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். சூட்டில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி அழகாகத் தெரியும். மெல்லிய சுவர் என்பதால் ஒலியில் ஓர் உலோகக் கரகரப்பு சேரும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. எஃகு கேட்பேக்குகள் சுமார் 700 முதல் 1,500 டாலர் வரை கிடைக்க, டைட்டானியத்துக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். முதல் எக்ஸாஸ்ட்டுக்கு அது தேவையில்லை.

வேலைப்பாட்டைப் பார்க்க மூன்று இடங்கள் உள்ளன. குழாயின் வளைவுகளில் உட்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் அங்கே குழாய் நசுங்கியிருக்கிறது. நல்ல தயாரிப்பில் வளைவு முழுவதும் விட்டம் மாறாது. பற்றவைப்புக் கோடுகள் சீரான செதில்களைப் போல் இருக்க வேண்டும்; குழாயின் உட்பக்கம் விரலால் தடவினால் கருகிய சர்க்கரை போன்ற பொருக்கு தட்டுப்படக் கூடாது. இணைப்புத் தகடுகளை நேரான மேசைமீது வைத்தால் ஆடக் கூடாது. நான் முதலில் வாங்கியது இம்மூன்றிலுமே தோற்றது. மேசையில் வைத்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன்

உங்கள் காரின் ஆண்டையும் தலைமுறையையும் சொல்லி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாய்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வாய் உள்ளதை வாங்கினால் பின்பம்பரின் மறுபக்கத்தில் வெற்று ஓட்டை நிற்கும். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போல்ட்டும் பெட்டியில் வருகின்றனவா என்று கேளுங்கள். கார் தாழ்ந்தது, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 அங்குலம் மட்டுமே என்பதால், தொழிற்சாலைக் குழாயைவிடக் கீழே தொங்கும் அமைப்பை ஏற்க வேண்டாம்.

உத்தரவாதம் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, வெளிப் பாகம் பொருத்தியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க முகவர் முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பாகமே காரணம் என்று காட்ட வேண்டும். கேட்பேக்கால் கியர்பெட்டி பழுதானது என்று யாராலும் காட்ட முடியாது. ஹெடரும் மென்பொருளும் மாற்றிய பிறகு எஞ்சின் கெட்டால் நிலைமை வேறு.

படி 7: பொருத்துதல்

கடையில் கொடுத்தால் ஓரிரு மணி நேர வேலை. சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் மீறவே கூடாது: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. சமமான சிமென்ட் தரையில், நான்கு தாங்கிகளின்மேல் காரை நிறுத்தி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் படுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். முந்தைய நாள் இரவே போல்ட்களில் துருநீக்கி எண்ணெய் தெளித்து வைத்தால் மறுநாள் பாதிப் பாடு மிச்சம்.

ரப்பர் கொக்கிகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். பழைய மஃப்ளர் கனமானது என்பதால், கடைசிக் கொக்கியைக் கழற்றும்போது இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். புதியதை முன்னிருந்து பின்னாக மாட்டுங்கள்; எந்த போல்ட்டையும் முழுதாக இறுக்காமல் எல்லாவற்றையும் கோத்துவிட்டு, வால்வாய்கள் பம்பரின் நடுவில் வரும்படி நேர்செய்த பின்னரே, பணிமனைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். 304 எஃகு சூட்டில் நன்றாக நீளும். 2 மீட்டர் குழாய் 200 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். ஆகவே ஆறிய நிலையில் பம்பரோடும் குறுக்குச் சட்டத்தோடும் உரசாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். வால்வாய் பம்பருக்கு உள்ளே அடங்கிப்போனால் பிளாஸ்டிக் உருகும்; சற்றே வெளியே நிற்கட்டும்.

முதல்முறை எஞ்சினை இயக்கும்போது திறந்தவெளியில் இயக்குங்கள். தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் எரிந்து பத்து, பதினைந்து நிமிடங்கள் புகையும் நாற்றமும் வரும்; அது இயல்பானது. குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்ற ஒலி இணைப்புகளிலிருந்து வந்தால் கசிவு இருக்கிறது. ஆறிய இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எஞ்சினை இயக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசியும் புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு இருப்பதால், சிறு கசிவையும் அன்றே சரிசெய்ய வேண்டும்.

முதல் நூறு மைல் ஓடியதும் காரை மீண்டும் தூக்கி எல்லா போல்ட்களையும் இறுக்கிப் பாருங்கள். சூடேறி ஆறியதில் ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். இழை அடைத்த மஃப்ளர், முதல் சில நூறு மைல்களில் சற்று உரக்க ஒலிக்கத் தொடங்கும். அதனால் எல்லைக்கு ஒட்டிய ஒலி உள்ளதை வாங்கியிருந்தால் ஆயிரம் மைலுக்குப் பின் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. பழைய எக்ஸாஸ்ட்டை விற்க வேண்டாம். கேஸ்கெட், போல்ட், கொக்கி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி, வண்டிக்கூடத்தின் சுவரோரம் சாய்த்து வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒலி அளவை உறுதிசெய்யும் தயாரிப்பாளர் கடிதத்தின் நகல் ஒன்றை டாஷ்போர்டின் கையுறைப் பெட்டியில், காப்பீட்டுத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.